தாத்தாவின் வாழ்க்கையை எழுதி வைக்க: வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர், குடியாத்தம், ஆரணி, அரக்கோணம் என்று இந்தப் பக்கம் எந்தப் பெரிய குடும்பத்தை எடுத்தாலும், ஊரை விட்டுப் போய்த் திரும்பி வந்த ஒரு தாத்தா இருப்பார். பட்டாளத்துக்குப் போனவர், கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர், கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர், பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர். அவரைப் பற்றி வீட்டில் எல்லோரும் நாலு கதை சொல்வார்கள். எந்த வருஷம், எந்த ஊர், கூட யார் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். வருஷமும் ஊரும் இல்லாத கதை கொள்ளுப்பேரன் காலத்தில் வேறொரு தாத்தாவின் கதையோடு கலந்துவிடும். அவர் பட்ட பாடும் காட்டிய துணிச்சலும் அவர் பெயரிலேயே நிலைக்க வேண்டுமானால், ஒவ்வொரு கதையையும் ஒரு வருஷத்தோடும், ஒரு ஊரோடும், முடிந்தால் ஒரு காகிதத்தோடும் சேர்த்து வைக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இங்கே.

முதலில் டிரங்குப் பெட்டி

பேட்டியை முதலில் எடுக்காதீர்கள். "உங்க வாழ்க்கையப் பத்தி சொல்லுங்க தாத்தா" என்றால், "இன்னா சொல்றது, எல்லாம் போச்சி" என்பதோடு பேச்சு முடியும். முதலில் பெட்டியைத் திறக்க அனுமதி கேளுங்கள். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காகிதமாக எடுத்துக் கேட்டால் அவரே பேசத் தொடங்குவார்.

தேட வேண்டியவை: ஜாதகம், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பட்டாளத்து டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் புத்தகம், பழைய பாஸ்போர்ட், அகதிச் சான்று, பத்திரங்கள், கிஸ்தி (நிலவரி) ரசீது, கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, கடிதங்கள், மணியார்டர் துண்டு. மொய் நோட்டை யாரும் மதிப்பதில்லை. ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. தங்கவயலிலிருந்து பத்துப் பேர் மொய் எழுதியிருந்தால், தாத்தா அங்கே யாரோடு குடியிருந்தார் என்பது அதிலிருந்தே பிடிபடும்.

போட்டோவின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் முக்கியம். ஸ்டுடியோ முத்திரை, ஊர், சில நேரம் தேதி இருக்கும். சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை எக்காரணம் கொண்டும் பிய்க்காதீர்கள். முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடே படம் எடுங்கள்: ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், பிளாஷ் வேண்டாம், எடுப்பவர் கருப்புச் சட்டை போட்டுக்கொண்டால் பிரதிபலிப்பு குறையும். பசை ஆல்பத்தில் ஒட்டிய படத்தைக் கழற்ற, பல்லிடுக்கு நூலை ஒரு மூலையில் நுழைத்து அறுப்பதுபோல் மெல்ல இழுங்கள்.

சின்னப் படங்களை ஸ்கேனரில் 600 டி.பி.ஐ.யில் எடுங்கள், காகிதங்களுக்கு 300 போதும். லேமினேஷன் செய்யவே கூடாது. சூட்டில் காகிதம் பழுக்கும், பிறகு அதைப் பிரிக்கவும் முடியாது. கிழிசலுக்குச் செலோடேப்பும் கூடாது; சில வருஷத்தில் பசை காய்ந்து மஞ்சள் கறை நிற்கும். பின்பக்கம் பெயர் எழுத வேண்டுமானால் மென்மையான 4பி பென்சில், ஓரத்தில் மட்டும். பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கத்தில் கோடு எழும்பும்.

ஸ்கேன் செய்ததைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். ஐந்து வருஷம் கழித்துப் புத்தகம் அச்சிடும்போது, குழுவிலிருந்து எடுத்த மங்கல் படம்தான் எல்லார் கையிலும் இருக்கும், அசலை யாரோ தொலைத்திருப்பார்கள். பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது.

வருஷத்தைப் பிடிப்பது

வேலையில் பாதி இதுதான். பெரியவர்கள் ஆங்கில வருஷத்தில் நினைவு வைப்பதில்லை. "தாது வருஷம் மாசி மாசம் பொறந்தேன்" என்பார். தாது 1936 ஏப்ரலில் தொடங்கி 1937 ஏப்ரலில் முடிந்தது. ஆகவே மாசி என்றால் 1937 பிப்ரவரி–மார்ச். தை, மாசி, பங்குனி மூன்றும் எப்போதும் அடுத்த ஆங்கில வருஷத்தில் விழும். மார்கழியின் பிற்பாதியும் அப்படியே. இதைக் கவனிக்காமல் விட்டால் ஒரு வயது கூடிப்போகும். ஆங்கீரச 1932, சித்திரபானு 1942, சர்வசித்து 1947 என்று நாலைந்தை எழுதி வைத்துக்கொண்டால் மற்றதை எண்ணிக்கொள்ளலாம். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். குடும்பத்தில் பேசப்படும் "தாது வருஷப் பஞ்சம்" 1876-ல் தொடங்கியது. அது தாத்தாவின் தாத்தா காலம்.

கிஸ்தி ரசீதிலும் பழைய அடங்கலிலும் (கிராமத்துப் பயிர்க் கணக்கு) பசலி என்ற வரிக்கணக்கு வருஷம்தான் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால், அந்த வருஷம் ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை. பசலி 1375 என்றால் 1965 ஜூலையிலிருந்து 1966 ஜூன்.

காகிதம் இல்லாதபோது ஊர் நடப்பை வைத்துக் கேளுங்கள். "எப்போ?" என்று கேட்காதீர்கள், "அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேளுங்கள். வேலூர் டவுன்காரருக்கு நல்ல குறி, கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலில் சாமியைத் திரும்ப வைத்தது: 1981 மார்ச். "நீ பென்ஷன் வாங்கினு வந்தப்போ கோட்டக் கோயில்ல சாமி இருந்திச்சா தாத்தா?" என்றால் பதில் சட்டென்று வரும். குடியாத்தம் பக்கத்தவருக்குக் காமராஜர் அங்கே இடைத்தேர்தலில் நின்றது 1954. அணா போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரல். வீசையும் சேரும் போய்க் கிலோ வந்தது 1960-களின் தொடக்கம். ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து மெட்ராஸ் ஜனங்கள் உள்ளூர்களுக்கு ஓடி வந்தது 1942 ஏப்ரல். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3, எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. இந்த இரண்டு நாளும் தான் எங்கே இருந்தோம் என்று சொல்லாத பெரியவரைப் பார்ப்பது அரிது.

மாவட்டப் பெயரும் குழப்பும். அரக்கோணத்திலேயே பிறந்து அங்கேயே வாழ்ந்தவரின் காகிதங்களில் முதலில் வட ஆற்காடு, 1989-க்குப் பிறகு வட ஆற்காடு அம்பேத்கர், 1990-களின் பிற்பகுதியில் வேலூர், 2019-லிருந்து ராணிப்பேட்டை என்று நாலு பெயர் இருக்கும். ஆரணி, போளூர், செய்யாறு, வந்தவாசி 1989-ல் திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டன. திருத்தணி 1911-க்குப் பிறகு சித்தூர் மாவட்டம், 1953-லிருந்து ஆந்திரா, 1960 ஏப்ரலில்தான் மெட்ராஸ் மாநிலத்தோடு சேர்ந்தது. புத்தகத்தில் அந்தக் காலத்துப் பெயரை எழுதி, இன்றைய பெயரைப் பக்கத்தில் ஒருமுறை மட்டும் சொல்லுங்கள்.

வயது விஷயத்தில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் ஒரு தேதி போடுவார். பட்டாளத்தில் சேர வயசைக் கூட்டிச் சொல்லியிருப்பார்கள். ஜாதகம் வேறு சொல்லும். மூன்றையும் எழுதுங்கள். எதை நம்புகிறீர்கள், ஏன் என்று ஒரு வரி சேருங்கள். ஒன்றை மட்டும் வைத்து மற்றதை மறைத்தால், பிறகு வேறு காகிதம் கிடைக்கும்போது மொத்தப் புத்தகத்தையும் சந்தேகிப்பார்கள்.

பதிவு செய்வது

போன் போதும். தனி மைக் தேவையில்லை, ஆனால் இடம் முக்கியம். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் குரல் முழுக்கக் காற்றிரைச்சல்தான் விழும். விசிறியை நிறுத்திவிட்டுத் தாழ்வாரத்தில் உட்காருங்கள். மெயின்ரோட்டு வீடாக இருந்தால் பின்கட்டு. போனை மடித்த துண்டின் மேல், அவர் வாயிலிருந்து இரண்டு சாண் தூரத்தில் வையுங்கள். வெறும் மேசை மேல் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தமெல்லாம் இடிபோல் விழும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் நல்ல இடத்தில் போன் வந்து பதிவு அறுந்துபோகும். ஐந்து நிமிஷம் பதிந்து, கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

நேரம் காலை, டிபன் முடிந்து மாத்திரை போட்ட பிறகு. ஒரு உட்காரலுக்கு 40 நிமிஷம். 50-ஐத் தாண்ட விடாதீர்கள். களைத்தால் பெரியவர்கள் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்தச் சுருக்கமே பிறகு அவர் மனதிலும் நின்றுபோகும். காது மந்தமானவர் என்றால் கத்தாமல், எதிரே முகம் தெரிய உட்கார்ந்து நிதானமாகக் கேளுங்கள்.

கேட்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். மகனைவிடப் பேத்தி நல்லது, பேத்தியைவிட மருமகளோ மைத்துனர் மகனோ சில வீட்டில் நல்லது. மகனிடம் சொல்லாததை மற்றவரிடம் சொல்வார்கள். ஆயா (பாட்டி) இருந்தால் ஒரு நாள் இருவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பதியுங்கள். "அது அந்த வருஷம் இல்ல, பெரியவன் வயித்துல இருந்தான் அப்போ" என்று ஆயா திருத்துவது எந்தக் காகிதத்தையும்விடச் சரியாக இருக்கும். பிறகு ஆயாவைத் தனியாகவும் கேளுங்கள். தாத்தா இல்லாத வருஷங்களில் கழனியையும் பிள்ளைகளையும் பார்த்தது யார் என்பதை அவர்தான் சொல்ல முடியும். அது இல்லாமல் தாத்தா கதை பாதிதான்.

அவர் பேச்சைத் திருத்தாதீர்கள். "வந்துகினு இருந்தோம்", "மல்லாட்ட (வேர்க்கடலை) போட்டிருந்தோம்" என்று வந்தால் அப்படியே எழுதுங்கள். தெலுங்கோ உருதுவோ பேச்சில் கலந்தால் அதையும் விடாதீர்கள். குடியாத்தம், வாணியம்பாடிப் பக்கம் வாழ்ந்தவர் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

கோப்பின் பெயரில் தேதி, பெயர், பொருள் மூன்றும் இருக்கட்டும்: "2025-03-12 தாத்தா தங்கவயல் 1" என்பதுபோல். அன்றிரவே மூன்று இடத்தில் நகலெடுங்கள்: ஒரு கணினி, ஒரு பென்டிரைவ், இணையச் சேமிப்பு ஒன்று. பென்டிரைவ் வேறு வீட்டில் இருக்க வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்து மணி நேரமாவது ஆகும். போனின் குரல் தட்டச்சு செய்தி வாசிப்பதுபோலப் பேசினால்தான் சரியாகப் பிடிக்கும். நம் பக்கத்துப் பேச்சில் கால்வாசியைத் தப்பாக எழுதும். எழுத ஆளில்லை என்றால், ஒவ்வொரு ஐந்து நிமிஷத்துக்கும் என்ன பேசினார் என்று ஒரு வரிக் குறிப்பாவது எழுதி வையுங்கள்.

எந்தத் தடம், என்ன கேள்வி

பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில்தான் வரும். அவர் போன வழியை நீங்கள் கொஞ்சம் படித்துக்கொண்டு போனால், ஒரு கேள்வியில் ஒரு மணி நேரம் பேசுவார்.

பட்டாளம்: ராணுவப்பேட்டை என்றே பேர் வாங்கிய கம்மவான்பேட்டை மட்டுமல்ல, இந்தப் பக்கம் பல ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் போயிருக்கிறார். எந்த ரெஜிமென்ட் என்பது முதல் கேள்வி. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் பயிற்சி நீலகிரி வெலிங்டனில். மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை) என்றால் பெங்களூரில். டிஸ்சார்ஜ் புக்கில் ராணுவ எண், சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, பதக்கங்கள் எல்லாம் இருக்கும். புத்தகம் தொலைந்திருந்தால் ராணுவ எண்ணோடு அந்த ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீசுக்கு வாரிசு விண்ணப்பிக்கலாம். வழிகாட்ட மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. எண் தெரியாவிட்டால் பதக்கத்தைப் பாருங்கள். பல பதக்கங்களின் விளிம்பில் எண்ணும் பெயரும் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். பிராசோ பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்த எழுத்துதான் முதலில் தேயும். "1962-ல எங்க இருந்த, 65-ல எங்க, 71-ல எங்க?" என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். சண்டையைப் பற்றிப் பேச விரும்பாதவர்கூட சாப்பாடு, குளிர், லீவில் எத்தனை நாள் ரயிலில் வந்தார், காட்பாடியில் இறங்கி ஊருக்கு எப்படிப் போனார் என்பதைச் சொல்வார்.

தங்கவயல்: காட்பாடி, ஜோலார்பேட்டை, பங்காருப்பேட்டை, அங்கிருந்து மாரிக்குப்பம் கிளைப்பாதை. எந்தச் சுரங்கம் என்று கேளுங்கள்: சாம்பியன் ரீஃப், நந்திதுர்கம், மைசூர், ஊரிகம். எந்த லைன் வீடு, எந்த ஷிப்ட், எத்தனையாவது லெவல், பாறை வெடித்த நாள் ஏதாவது நினைவில் உண்டா. கம்பெனி கையிலிருந்து 1956-ல் மைசூர் அரசுக்கும், 1962-ல் மத்திய அரசுக்கும் போனது. 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரே காலத்தைக் காட்டும். இருமல், மூச்சிரைப்பு பற்றியும் கேளுங்கள். சுரங்கத் தூசி நுரையீரலைப் பிடித்தது பல குடும்பங்களில் "ஆஸ்துமா" என்றே சொல்லப்பட்டு வந்திருக்கிறது.

கடல் கடந்தவர்கள்: "ரஜூலா கப்பல்ல போனேன்" என்பார்கள். ரஜூலா 1926 முதல் 1973 வரை ஓடிய கப்பல். மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் அதன் வழக்கமான தடம். ரஜூலாவில் ரங்கூன் போனேன் என்று ஒருவர் சொன்னால் கப்பலோ ஊரோ மாறியிருக்கிறது. சொன்னதை அப்படியே எழுதி, ஐயத்தைக் கீழே குறியுங்கள். பர்மாவிலிருந்து 1942-ல் சிறுவனாக நடந்து வந்தவரிடம் கடலோர வழியா, மலை வழியா என்று கேளுங்கள். டவுங்குப் கணவாய் தாண்டிக் கடலோரமாகச் சிட்டகாங் போனவர்கள் உண்டு. தமு, இம்பால் வழியாகத் திமாப்பூர் ரயிலடிக்கு வந்தவர்களும் உண்டு. 1964-ல் வந்தவர்கள் வேறு: கடைகளை அரசு எடுத்துக்கொண்டு, அந்த மே மாதம் 50, 100 சாட் (பர்மா நாணயம்) நோட்டுகள் செல்லாது என்றான பிறகு கப்பலில் அனுப்பப்பட்டவர்கள். வீட்டில் இரண்டையும் "பர்மாலேர்ந்து வந்தது" என்றே சொல்வதால், பேரப்பிள்ளைகள் ஒன்றாக்கிவிடுகிறார்கள். மலேயாவில் இருந்தவரானால் சயாம் ரயில் பாதை வேலைக்கு (1942–43) யாரையாவது பிடித்துக்கொண்டு போனார்களா என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் வேலை செய்தவரிடம் ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்ட காலமா, குரோம் ரசாயனம் வந்த பிறகா என்பதிலிருந்து தொடங்கலாம். நெசவு, பீடி, லாரி, எல்லாவற்றுக்கும் இதே முறைதான்: கருவி, கூலி, முதலாளி, வழி, கூட இருந்தவர் பெயர்.

அவர் இல்லாவிட்டால்

கருமாதிக்குக் கூடும் சொந்தம் அதற்குப் பிறகு ஒருசேரக் கூடாது. அன்று யாரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்க வேண்டாம். வந்தவர்களில் வயதானவர் பெயர், ஊர், போன் எண்ணை மட்டும் ஒரு நோட்டில் வாங்குங்கள். முப்பதாம் நாளுக்குப் பிறகு ஒவ்வொருவராகப் போய்ப் பாருங்கள், மூத்தவரிடம் முதலில். சம்பந்தி வீட்டாரையும், கூட வேலை செய்தவர்களையும் விடாதீர்கள். குடியாத்தம்காரர்களுக்கு வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நல்ல வாய்ப்பு. எங்கெங்கோ இருப்பவர்கள் வந்து சேர்வார்கள். நிலம் வாங்கிய விற்ற தேதிகளைச் சார்பதிவாளர் அலுவலகத்து வில்லங்கச் சான்றிலிருந்து எடுக்கலாம். மிகப் பழைய வருஷங்களுக்கு மனுப் போட்டுக் கையால் தேட வேண்டும். தேடும்போது இனிஷியலையும் பெயரின் எல்லா எழுத்து வகைகளையும் கொடுங்கள். முனுசாமி, முனிசாமி, முனுசாமி நாயனா, எம். முனுஸ்வாமி எல்லாம் ஒரே ஆளாக இருக்கலாம்.

எதை அச்சில் போடுவது

இரண்டாம் தாரம், பாகத் தகராறு, கடன், ஜெயில், குடி, கலப்புக் கல்யாணம், இவை இல்லாத நீண்ட வாழ்க்கை கிடையாது. தாத்தா உயிரோடு இருந்தால் அவரே முடிவு செய்யட்டும்: "இத எழுதலாமா, எழுதிட்டு மூடி வெக்கலாமா, விட்டுர்லாமா?" மூடி வைக்கச் சொன்னதைத் தனிக் கோப்பில் எழுதி உறையில் போட்டு, யார் எப்போது திறக்கலாம் என்று மேலே எழுதுங்கள். அவர் இல்லாவிட்டால், சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருக்கும்வரை அச்சில் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நடந்ததை மாற்றி எழுதுவது மட்டும் கூடாது. வீரத்தைக் கூட்டுவதும் அப்படித்தான். சமையற்காரராகப் பட்டாளத்தில் இருந்தவரைத் துப்பாக்கிக்காரராக்குவது அவருக்கு மரியாதை இல்லை. நூறு பேருக்குப் பனியில் சப்பாத்தி போட்டது போதுமான வீரம்.

பங்காளிகள் இருவர் ஒரே சம்பவத்தை இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் பெயரோடு போடுங்கள். படங்களில் பென்ஷன் எண், ஆதார், சர்வே எண் தெரிந்தால் அந்த எண்களை மறைத்துவிட்டு அச்சிடுங்கள்.

புத்தகமாக்க

80 பக்கம் போதும். முதல் பக்கத்தில் ஒரு வரைபடம், அவர் போன ஊர்களுக்குக் கோடு போட்டு. அடுத்து, வருஷ அட்டவணை ஒரு பக்கம். பிறகு அவர் குரலிலேயே கதைகள், கால வரிசையில். வம்சாவளி கடைசியில், அதில் பெண் பிள்ளைகளையும் அவர்கள் பிள்ளைகளையும் விடாதீர்கள். "மகன்கள் மூவர்" என்று முடிக்கும் வம்சாவளியில்தான் பாதிக் குடும்பம் காணாமல் போகிறது.

டெம்மி அளவு, 12 புள்ளி எழுத்து, உள்ளே 80 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ, படங்களுக்கு மட்டும் 130 ஜி.எஸ்.எம். ஆர்ட் தாள். ஆப்செட்டில் போட்டால் பக்கங்கள் 16-இன் மடங்காக இருந்தால் தாள் வீணாகாது; நூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் அச்சு. யூனிகோடில் அடித்துக் கொடுங்கள். அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ஸ்ரீ உடையும், ஒகர ஓகாரக் கொம்பும் காலும் இடம் மாறும். அதனால் மெய்ப்பைத் திரையில் பார்க்காமல் காகிதத்தில் இரண்டு முறை பாருங்கள். இரண்டாவது முறை பெயர்களையும் வருஷங்களையும் மட்டும். தாத்தாவுக்குக் கண் தெரியாவிட்டால், ஒருவர் படிக்க அவர் கேட்கட்டும். அவர் சொல்லும் திருத்தங்களுக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

அச்சகத்திலிருந்து பி.டி.எஃப்.ஐயும், திருத்திய யூனிகோடு கோப்பையும் கேட்டு வாங்கிவிடுங்கள். புத்தகம் போன மாதத்திலேயே "அது எங்க பெரியப்பா இல்ல, சித்தப்பா" என்று நாலு போன் வரும். அதையெல்லாம் ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வைத்தால், இரண்டாம் அச்சை ஒரு நாள் வேலையில் முடித்துவிடலாம்.